ராகு காலத்தில் எடுத்த நகல்

புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளிடம் நான் இரண்டு கேள்விகள் கேட்பதுண்டு. முதல் கேள்வி, "பேக்கப் எடுத்தாச்சா?" உடனே முகம் மலர்ந்து "ஆச்சு சார்" என்பார்கள். இரண்டாவது, "அதைத் திறந்து பார்த்தாச்சா?" இதைக் கேட்டவுடன், நாலு பேர் இருக்கும் சபையில் சம்பளம் எவ்வளவு என்று கேட்டுவிட்டது போல முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். நீங்களும் இப்போது அப்படித்தான் திரும்பியிருக்கிறீர்கள். பரவாயில்லை, உட்காருங்கள். அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று கூப்பிட்டது நீங்கள்தான், அதனால் பாதியில் எழுந்து போகவும் முடியாது.

திண்டுக்கல்லில் மில், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்று பல இடங்களில் டேட்டாபேஸ் பராமரிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பெரிய பெரிய சர்வர்களைத் தொட்டிருக்கிறேன். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸை நகல் எடுப்பது என்றால் என்னவென்று எனக்கு உறைக்க வைத்தது பழனி ரோட்டில் ஒரு பாத்திரக்கடை மாடியில் இருந்த திருமணத் தகவல் மையம். அங்கே நாலு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், சுவர் முழுக்க ஜோடி ஜோடியாகக் கல்யாணப் போட்டோக்கள். முதலாளி வெள்ளை வேட்டி, சந்தனப் பொட்டு, கையில் எப்போதும் பாக்கெட் பஞ்சாங்கம். மனிதர் தங்கமானவர். அப்படிப்பட்டவர்களிடம்தான் நமக்கு அதிகமாகக் கோபம் வரும்.

நான் பராமரிப்புக்குப் போன முதல் நாளே, "பேக்கப் எப்படி எடுக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"தினமும் எடுக்குறோம் சார். நல்ல நேரம் பாத்துத்தான் எடுக்குறது. ஜெயந்தி, சாருக்குக் காட்டும்மா."

ஜெயந்தி அங்கே தலைமை ஆபரேட்டர். காட்டினாள். காலையில் நல்ல நேரம் ஆரம்பித்ததும் டேட்டாபேஸ் கோப்புகள் இருக்கும் ஃபோல்டரை அப்படியே பிடித்துப் பென்டிரைவில், முந்தின நாள் நகலுக்கு மேலேயே, போட்டுவிடுவார்கள். பென்டிரைவுக்கு மஞ்சள் வைத்து முதலாளி கையில் கொடுத்தால், அவர் கண்ணில் ஒற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். பார்க்கப் பக்தியாகத்தான் இருந்தது. ஆனால் அதே நல்ல நேரத்தில்தான் ஊர் சனம் முழுக்க ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு அந்த மாடிக்கு ஏறிவரும். எரியோட்டிலிருந்தும் குஜிலியம்பாறையிலிருந்தும் விடியற்காலை பஸ் பிடித்து வந்தவர்கள் எல்லாரும் நல்ல நேரத்தில் பதிய வேண்டும் என்று வரிசையில் நிற்பார்கள். நாலு கம்ப்யூட்டரிலும் பதிவு பறக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் நகலும் ஓடும்.

இதில் என்ன தப்பு என்று உங்களில் ஒருவர் யோசிப்பது தெரிகிறது. கல்யாணப் பந்தியில் எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று எண்ணப் போகிறோம் என்று வையுங்கள். இந்தக் கோடியில் எண்ண ஆரம்பித்து அந்தக் கோடிக்குப் போவதற்குள் இங்கே எழுந்தவர் கை கழுவிவிட்டுப் போய்விட்டார், அங்கே புதிதாக ஒருவர் உட்கார்ந்துவிட்டார். கணக்கு என்று ஒன்று வரும், ஆனால் அப்படி ஒரு பந்தி எந்த நேரத்திலும் நடந்திருக்காது. திறந்து எழுதிக்கொண்டிருக்கும் கோப்புகளை ஒவ்வொன்றாக நகல் எடுத்தாலும் இதுதான் கதி. ஒரு கோப்பு முந்தைய நிலவரத்தில் இருக்கும், அடுத்தது பிந்தைய நிலவரத்தில் இருக்கும். ஒன்று, டேட்டாபேஸிடமே சொல்லி அதன் சொந்தக் கருவியால் நகல் எடுக்க வேண்டும். இல்லையென்றால் எல்லாரையும் நிறுத்திவிட்டு எடுக்க வேண்டும்.

"ராத்திரி தானா ஓடுற மாதிரி ஏற்பாடு பண்ணித் தாரேன்" என்றேன். சாயங்காலம் பூட்டும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போவது அந்த ஆபீஸ் வழக்கமாம். சரி, அணைப்பதற்கு முன்னால் எல்லாரும் வெளியே வந்ததும் எடுங்கள் என்றேன். முதலாளிக்கு முகம் சுருங்கிவிட்டது.

"விளக்கு வச்ச பிறகு எதையும் வெளிய எடுத்துக் குடுக்க மாட்டோம் சார். உப்பு, தயிர்கூடக் குடுக்கிறதில்ல. அம்புட்டுக் குடும்பத்தோட ஜாதகத்தையும் அந்நேரம் வெளிய எடுத்துட்டுப் போகச் சொல்றீங்களே!"

"உங்க பென்டிரைவ், உங்க சட்டைப்பை, உங்க வீடு. இதுல வெளிய எங்க போகுது?"

"படி தாண்டுதுல்ல?"

படி தாண்டுகிறது என்று சொல்பவரிடம் நான் என்னத்தைப் பேச?

இதைவிட வயிற்றெரிச்சல் ஒன்று இருந்தது. ராகு காலம் வந்தால் அந்த அலுவலகத்தில் யாரும் ஒரு ஜாதகத்தைத் திறக்கக்கூடாது. பதிவு கிடையாது, திருத்தம் கிடையாது. மென்பொருளை மூடி, சர்வர் புரோகிராமையும் நிறுத்திவிட்டு எல்லாரும் கீழே டீ குடிக்க இறங்கிவிடுவார்கள். எந்த மில்லும், எந்த ஆஸ்பத்திரியும் நான் கெஞ்சினாலும் கொடுக்காத ஓய்வு நேரத்தை அந்த டேட்டாபேஸுக்கு ராகு பகவான் சும்மா கொடுத்துக்கொண்டிருந்தார். அதில் நகல் எடுத்தால் ஒரு எழுத்துக்கூடப் பிசகாது. ஆனால் ராகு காலத்தில் பேக்கப் எடுக்கலாமா என்று நான் கேட்டபோது முதலாளி காதைப் பொத்திக்கொண்டார்.

அப்படியும் ஒரு தடவை நடந்துவிட்டது. முதலாளி பழனிக்குப் போயிருந்த அன்று ஜெயந்தி கூட்டத்தில் நல்ல நேரத்தைத் தவறவிட்டிருக்கிறாள். எல்லாரும் டீக்கு இறங்கிய பிறகு ஞாபகம் வந்து, பதற்றத்தில் அப்போதே நகல் எடுத்துவிட்டாள். திரும்பி வந்த முதலாளிக்கு விஷயம் தெரிந்து, அந்தப் பென்டிரைவைக் கறுப்புத் துணியில் முடிந்து, பீரோவின் கீழ் அறையில் போட்டுப் பூட்டிவிட்டார். அழித்தால் பாவம், மாட்டினால் ஆபத்து. அங்கே அதற்கு 'ராகு டிரைவ்' என்றே பேர். பெருக்குகிற அம்மாகூட அந்த பீரோவைச் சுற்றிக்கொண்டுதான் போவார்.

இன்னொரு வழக்கத்தையும் சொன்னால்தான் பின்னால் நடந்தது புரியும். அது நம்பர். பதிந்த ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர் உண்டு. பேரும் போட்டோவும் ஒரு கோப்பில், பிறந்த தேதி, நேரம், ஜாதகக் கட்டம் இன்னொரு கோப்பில். இரண்டையும் சேர்ப்பது அந்த நம்பர் ஒன்றுதான். யாருக்காவது வரன் கூடி வந்தால், பேசி முடிக்கும் முன் அவர்களை முதலாளி 'ராசியான நம்பருக்கு' மாற்றுவார். அதாவது, ஏற்கெனவே கல்யாணமாகி நன்றாக இருக்கும் ஒருவரின் பதிவை அழித்துவிட்டு அந்த நம்பரைப் புதியவருக்குக் கொடுப்பார். அதிலும் ஒட்டன்சத்திரத்துப் பெண் ஒருத்தியின் நம்பருக்குக் கிராக்கி அதிகம். அவளுக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்திருந்தன. ரொம்ப நெருக்கமான குடும்பத்துக்குத்தான் தருவேன் என்று முதலாளி அதைக் கட்டிக்காத்து வைத்திருந்தார்.

நம்பரை மறுபடி பயன்படுத்தாதீர்கள் என்று நான் தலைகீழாக நின்று சொன்னேன். "சார், கம்ப்யூட்டர் உங்களுக்குத் தெரியும். ராசி எனக்குத் தெரியும்" என்று ஒரு சிரிப்பு. நம்பர் மாற்றும் சடங்கும் நல்ல நேரத்தில்தான் நடக்கும் என்பதை நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

தை மாதம், முகூர்த்த நெரிசல். ஒரு நாள் மதியம் போன் வந்தது. சர்வர் ஹார்ட் டிஸ்க் செத்துவிட்டது. போய்ப் பார்த்தேன், எழுப்ப வழியில்லை. புது டிஸ்க் போட்டு, அன்று காலை நல்ல நேரத்தில் எடுத்த பென்டிரைவிலிருந்து ஏற்றினேன். ஒரு பிழைச்செய்திகூட வரவில்லை. எல்லாம் திறந்துகொண்டது. போட்டோக்கள் வரிசையாகச் சிரித்தன.

"பாத்தீங்களா சார்! நல்ல நேரத்துல எடுத்தது!" முதலாளி என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"திறந்துருச்சுன்னா சரியா இருக்குன்னு அர்த்தம் இல்லண்ணே. ரெண்டு நாள் குடுங்க. ஒவ்வொண்ணா ஒப்பிட்டுப் பாத்துட்டு அப்புறம் பிரிண்ட் குடுக்கலாம்."

"தை மாசம் ரெண்டு நாளா? வெளையாடுறீங்களா?"

நான் படியிறங்குவதற்குள்ளேயே பிரிண்டர் சத்தம் கேட்டது.

அடுத்த செவ்வாய்க்கிழமை மதியம், ஒப்பிடும் வேலைக்காக நான் அங்கே உட்கார்ந்திருந்தபோது அந்தக் குடும்பம் ஏறி வந்தது. பெருமாள்சாமி, எரியோட்டுப் பக்கம் தக்காளியும் முருங்கையும் போடுகிற விவசாயி. கூட அவர் மகள் வளர்மதி, ஒரு மருந்துக்கடையில் மருந்தாளுநர். அவர்களுக்குப் பின்னாலேயே செம்பட்டியிலிருந்து மாப்பிள்ளையின் தாய்மாமா. வளர்மதிக்கும் செம்பட்டிப் பையனுக்கும் பேச்சு கூடி, பூ வைக்க நாள் குறித்தாயிற்று. கடைசியாக ஒருதரம் முத்திரை போட்ட ஜாதகம் வேண்டும் என்று இந்த மாமா வந்து பிரிண்ட் வாங்கிப் போயிருக்கிறார். அதில் வளர்மதியின் பேர், வளர்மதியின் போட்டோ, கீழே ஏழாம் வீட்டில் செவ்வாய். வயதும் மூன்று வருடம் கூடியிருந்தது.

பெருமாள்சாமி கையில் மகள் பிறந்தபோது எழுதிய ஜாதகம். அதில் செவ்வாயும் இல்லை, அந்த வயதும் இல்லை.

"திருத்தி எழுதிட்டு வந்து ஏமாத்தப் பாத்திருக்காரு" என்றார் மாமா, எங்கள் எல்லாரையும் பார்த்து. "தேதியவே மாத்திருக்காரு அப்பு! நல்லவேளை, மிசினுல இருந்து எடுத்தோம். மனுசன் மாத்துவான். மிசினு மாத்துமா?"

"அய்யா, பள்ளிக்கூடச் சர்டிபிகேட் இருக்கு..." என்றார் பெருமாள்சாமி.

"யாருகிட்ட கதை விடுறீரு? பள்ளிக்கூடத் தேதி வாத்தியார் போட்ட தேதிய்யா. எனக்கே எங்க வாத்தியாரு ஆனி மாசம்னு போட்டாரு, நான் பொறந்தது ஐப்பசி. அத வச்சு ஜாதகம் பாக்க ஏலுமா?"

அது உண்மைதான், அதனால் ஒருவரும் மறுக்கவில்லை. பெருமாள்சாமி ஜாதகத்தை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். வளர்மதி என் மேசைக்கு நேராக வந்தாள். கம்ப்யூட்டர் பார்ப்பவன் நான்தான் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

"சார், செவ்வாய் இருக்குன்னா இருக்கட்டும். கல்யாணம் நின்னாலும் நிக்கட்டும். ஆனா எங்கப்பா திருத்தினாருன்னு எங்க ஊரு வரைக்கும் சொல்லிட்டாங்க. ரெண்டு நாளா மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏத்திவிட்டுட்டு இவரு மட்டும் போகாம வீட்டுலயே கெடக்காரு. நாலு பேரு கேப்பாங்கன்னு. அதை மட்டும் தொடைச்சுக் குடுங்க."

பிள்ளைகளே, இந்தத் தொழிலில் நாம் தகவல், தகவல் என்று சொல்கிறோமே, அது இதுதான். மார்க்கெட்டுக்குப் போக முடியாமல் ஒரு மனிதர் வீட்டில் கிடக்கிறார்.

முதலில் எழுந்து போய்ப் பிரிண்டர் ஒயரைப் பிடுங்கினேன். வரிசையில் நின்றவர்கள் சத்தம் போட்டார்கள், முதலாளி பாய்ந்து வந்தார். பிடுங்கியது பிடுங்கியதுதான் என்றேன். எத்தனை பேர் ஜாதகம் இப்படி இடம் மாறியிருக்கிறது என்று தெரியாதபோது இன்னும் ஒரு தாளை வெளியே விடுவது அயோக்கியத்தனம். அழுத்தம் வரும்போது முதலில் சரிசெய்யப் பார்க்காதீர்கள். முதலில் மேலும் கெடாமல் நிறுத்துங்கள்.

பிறகு ஜெயந்தியைக் கேட்டேன். அவள் முகம் வெளுத்திருந்தது. தப்பாக அடித்துவிட்டாள் என்று பழி தன் மேல்தான் வரப்போகிறது என்று அவளுக்குத் தெரியும். "வளர்மதிக்கு ராசி நம்பர் எப்ப மாத்துனீங்க?"

"டிஸ்க் போச்சுல்ல சார், அன்னைக்குக் காலையிலதான். நல்ல நேரத்துல."

"அந்நேரம் நகல் ஓடிக்கிட்டு இருந்துச்சா?"

"ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு."

"யாரோட நம்பர் குடுத்தீங்க?"

"ஒட்டன்சத்திரம் சார். ரெட்டைப்பிள்ளை நம்பர்."

பளிச்சென்று விளங்கிவிட்டது. நகல் முதலில் ஜாதகக் கோப்பை எடுத்திருக்கிறது. அப்போது அந்த ராசி நம்பரில் இருந்தது ஒட்டன்சத்திரத்துப் பெண்ணின் கட்டம். உடனே இங்கே நம்பரை மாற்றியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு நகல் பேர் கோப்பை எடுத்திருக்கிறது. அப்போது அதே நம்பரில் இருந்தது வளர்மதி. இவள் பேருக்கு அவள் கட்டம். வளர்மதியின் உண்மையான கட்டம், அவளுடைய பழைய நம்பரில், பேரில்லாமல் அநாதையாகக் கிடந்தது. அதைத் திரையில் காட்டினேன்.

செம்பட்டி மாமா குனிந்து பார்த்தார். "பேரு எங்க இருக்கு?"

"பேரு இல்ல. ஆனா இது இந்தப் பொண்ணோடதுதான்."

"பேரில்லாத ஜாதகத்தக் காட்டி என்னைய நம்பச் சொல்றீங்களா? இத இப்ப நீங்களே ஏத்திருக்கலாம்ல?"

கேள்வி நியாயம்தான். எனக்குத் தெரியும் என்பது வேறு, அவருக்கு நிரூபிப்பது வேறு. நிரூபிக்க வேண்டுமென்றால், இந்த வரன் பேச்சு ஆரம்பிக்கும் முன்னால் எடுத்த, யாரும் கை வைக்காத, முழுசான ஒரு நகல் வேண்டும். அப்படி ஒன்று ஊரிலேயே ஒன்றுதான் இருந்தது. நான் பீரோவைப் பார்த்தேன். முதலாளியும் பார்த்துவிட்டார்.

"சார், வேணாம். அது மட்டும் வேணாம். இத்தனை குடும்பத்தோட வாழ்க்கை இதுக்குள்ள இருக்கு."

"அதுல ஒரு குடும்பம் உங்க எதுத்தாப்புல நிக்குதுண்ணே."

"புரியுது சார். வேற வழி பாருங்க. ராகு காலத்துல எடுத்ததை மாட்டி, இருக்கிறதும் போயிருச்சுன்னா?"

நான் விளக்கினேன். வேறு கம்ப்யூட்டரில் மாட்டிப் படிக்க மட்டும் செய்வோம், எதுவும் போகாது என்று படம் போட்டுக்கூடக் காட்டினேன். மனிதர் அசையவில்லை. எனக்குக் கோபம் தலைக்கேறியது. கத்தியிருப்பேன். பெருமாள்சாமி அங்கே நிற்காவிட்டால் கத்திவிட்டு வீட்டுக்கே போயிருப்பேன். நம் மொழியில் பேசினால் எதிராளிக்குப் புரியாது என்று தெரிந்த பிறகும் நம் மொழியிலேயே பேசிக்கொண்டிருப்பதுதான் நம் தொழிலின் பெரிய வியாதி. சுவரில் காலண்டர் தொங்கியது. செவ்வாய்க்கிழமை. ராகு காலம் மூன்று மணிக்கு.

"அண்ணே, இன்னைக்கு ராகு காலத்துல உங்க வீட்டம்மா எங்க போவாங்க?"

"அம்மன் கோயிலுக்கு. துர்க்கைக்கு எலுமிச்சம்பழ விளக்குப் போட."

"எதுக்கு அந்நேரம்?"

"அந்நேரம் போட்டாத்தான சார் தோசம் நீங்கும்?" சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். பீரோவைப் பார்த்தார். பஞ்சாங்கத்தை எடுத்துப் புரட்டினார். முகம் மெதுவாகத் தெளிந்தது. "ராகு காலத்துல கட்டுனதை ராகு காலத்துலதான் அவுக்கணும். அதான சார் சொல்ல வாரீங்க?"

நான் அப்படிச் சொல்ல வரவில்லை. "அதேதாண்ணே" என்றேன்.

மூன்று மணி ஆகக் கொஞ்ச நேரம் இருந்தது. அதற்கு ஒரு நிமிடம் முன்னால்கூடத் தொட விடமாட்டேன் என்றார். ஆக, எல்லாரும் ராகு காலம் எப்போது வரும் என்று நாற்காலி போட்டுக் காத்திருந்தோம். என் வாழ்நாளில் ராகு காலத்துக்காக ஒரு கூட்டம் ஆவலோடு காத்திருந்ததை அன்றுதான் பார்த்தேன். செம்பட்டி மாமா, "செத்த நேரத்துல வந்துரும்" என்று பக்கத்தில் இருந்தவருக்கு ஆறுதல் சொன்னார். வளர்மதி அப்பாவுக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தாள். அவர் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

மூன்று அடித்ததும் கறுப்பு முடிச்சை முதலாளியே அவிழ்த்தார். சர்வர் மேல் ஒரு எலுமிச்சம்பழம் வைத்தார். வைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். தனிக் கம்ப்யூட்டரில் ஏற்றி, வளர்மதியின் பழைய நம்பரைத் தட்டினேன். ராசி நம்பர் கொடுப்பதற்கு முன், செம்பட்டிப் பேச்சே எழுவதற்கு முன், பதிந்த அன்று இருந்தபடி அப்படியே வந்தது. அவள் பேர், அவள் போட்டோ, அவள் பிறந்த தேதி, அவள் கட்டம். ஏழாம் வீடு காலி. பெருமாள்சாமி தன் ஜாதகத்தைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தார். கட்டத்துக்குக் கட்டம் ஒன்றாக இருந்தது.

"இதை யாராச்சும் பின்னாடி மாத்திருந்தா?" மாமா அப்போதும் விடவில்லை.

"இதையா?" என்றார் முதலாளி. "இதைத் தொடுறதுக்கு இந்த ஆபீஸ்ல யாருக்குங்க தைரியம்?"

பெருக்குகிற அம்மா வாசலில் நின்று பலமாகத் தலையாட்டினார். பாதுகாப்புக்காக எத்தனையோ பூட்டு, எத்தனையோ பாஸ்வேர்ட் போட்டிருக்கிறேன். அந்தக் கறுப்புத் துணிக்கு ஈடாக எதுவும் நின்றதில்லை.

அடுத்து ஒட்டன்சத்திரத்து நம்பரைத் தட்டினேன். செம்பட்டியை நடுங்க வைத்த செவ்வாய் அங்கே அதன் சொந்தக்காரியிடம் பத்திரமாக உட்கார்ந்திருந்தது. "நீங்க பாத்துப் பயந்தது இந்த ஜாதகம்" என்று மாமாவிடம் சொன்னேன். அவர் நிமிர்ந்தார். அந்தப் பெண்ணின் கல்யாணப் போட்டோ அவர் தலைக்கு மேலேயே சுவரில் மாட்டியிருந்தது. பக்கத்தில் இரட்டைப் பிள்ளைகளோடு இன்னொரு போட்டோ. பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

பிறகு ஒரே நொடியில் ஆள் மாறிவிட்டார். "அட, மிசினே சொல்லிருச்சு! அப்புறம் என்னப்பு? நமக்குள்ள என்ன இருக்கு. சம்மந்தி, மனசுல வச்சுக்காதீங்க. குறிச்ச நாள்லயே பூ வச்சிருவோம்."

பெருமாள்சாமி மகளைப் பார்த்தார். ஒத்துக்கொள்ளம்மா என்கிற பார்வை இல்லை அது. நீயே சொல் என்று கேட்கிற பார்வை.

"மாமா" என்றாள் வளர்மதி. குரலில் ஒரு பிசிறு இல்லை. "எங்கப்பா சொன்னப்ப நீங்க நம்பல. மிசின் சொன்னதும் நம்பிட்டீங்க. உங்க வீட்டுப் பையன் என்கிட்ட ஒரு போன் போட்டு, என்னன்னுகூடக் கேக்கல. நாளைக்கு மிசின் மறுபடி வேற ஒண்ணு சொல்லும். அன்னைக்கு நான் உங்க வீட்டுல இருப்பேன்."

மிசின் இனிமேல் மாற்றிச் சொல்லாது என்று உத்தரவாதம் கேட்பவர் போல மாமா என்னைப் பார்த்தார். நான் கொடுக்கவில்லை. இந்தத் தொழிலில் இத்தனை வருடம் இருந்தவன் யாரும் அந்த உத்தரவாதத்தைக் கொடுக்க மாட்டான். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

முதலாளி கலங்கிப்போனார் என்றாலும் தொழிலை மறக்கவில்லை. "பாப்பா, பழனிப் பக்கம் ஒரு நல்ல பையன் இருக்கான்..." என்று ஆரம்பித்தார்.

"வேணாம்ணே. என் பதிவை எடுத்துருங்க. அந்த ராசி நம்பரை இனிமே யாருக்கும் குடுக்காதீங்க."

நான் வருடக்கணக்கில் தொண்டை வற்றக் கத்தியதற்கு அசையாத மனிதர், "சரிம்மா" என்றார். அன்றோடு நம்பரை மறுபடி பயன்படுத்தும் வழக்கம் அங்கே ஒழிந்தது. பேக்கப்பும் ராகு காலத்துக்கு மாறிவிட்டது. தினமும் எல்லாரும் டீக்கு இறங்கியதும் நகல் ஓடுகிறது, சர்வர் மேல் எலுமிச்சம்பழம் இருக்கிறது. வாரம் ஒருமுறை ஜெயந்தி நகலைத் தனிக் கம்ப்யூட்டரில் ஏற்றிச் சில பேர்களையாவது எடுத்துச் சரிபார்க்கிறாள். இது தோஷ பரிகாரம் என்று முதலாளி எல்லாரிடமும் சொல்லிக்கொள்கிறார். நான் மறுத்ததே இல்லை. நீங்களும் உங்கள் மேலதிகாரிகளிடம் வேலை நடக்க வேண்டுமானால் எந்த மொழியில் நடக்குமோ அதில் பேசுங்கள். எலுமிச்சம்பழச் சாறு மட்டும் உள்ளே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்று நான் வளர்மதி கண் முன்னாலேயே அவள் பதிவை அழித்தேன். பழைய நம்பர், புது நம்பர், அநாதையாகக் கிடந்த கட்டம், எல்லாவற்றையும். கடைசியாக ராகு டிரைவை எடுத்து, "இதுலயும் அழிச்சிரட்டுமா?" என்று கேட்டேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். பெருமாள்சாமி ஜன்னலோரம் நின்று, அதுவரை கையில் வைத்திருந்த தண்ணீரை அப்போதுதான் குடித்துக்கொண்டிருந்தார்.

"அதுல மட்டும் இருக்கட்டும் சார்" என்றாள். "என்னைக்காச்சும் யாராச்சும் எங்கப்பாவைக் கேட்டாக்க, காட்டணும்ல."

முதலாளி அதை வாங்கி மறுபடி கறுப்புத் துணியில் முடிந்து, அதே அறையில் வைத்துப் பூட்டினார்.